வேறு நிறுவனத்தின் கார்டு ஸ்லாட்டில் பொருந்துகிறது, ஆனால் இணைப்பு வரவில்லை: ஏடிசிஏ எதுவரை திறந்த தரநிலை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவில் ஆறு பொறியாளர்கள் இருக்கிறோம். பழைய சுற்று இணைப்பு வலையமைப்புக்கும் ஐபி வலையமைப்புக்கும் இடையே குரல் அழைப்புகளை மாற்றித்தரும் மீடியா கேட்வே ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். அதன் பெட்டி, பேக்பிளேன் (கார்டுகளைப் பின்னால் இணைக்கும் பலகை), கார்டுகள் எல்லாமே ஒரே நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பு. அந்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், கையிருப்பில் உள்ள மாற்றுக் கார்டுகள் தீர்ந்தவுடன் நாங்கள் கைவிரிக்க வேண்டிய நிலை வரும். ஆகவே அடுத்த தலைமுறைக் கருவியை ஒரு திறந்த கூறுநிலைத் தரநிலையின் மேல்தான் கட்டுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

பல நிறுவனங்களின் கார்டுகளை ஒரே பெட்டியில் செருக உதவும் தொலைத்தொடர்பு வன்பொருள் தரநிலையான ஏடிசிஏவைத் தேர்ந்து, ஒரு நிறுவனத்தின் 14 ஸ்லாட் ஷெல்ஃபையும் (கார்டுகளைச் செருகும் பெட்டி) ஹப் கார்டுகளையும் (மற்றக் கார்டுகளை இணைக்கும் ஸ்விட்ச் கார்டுகள்), மற்றொரு நிறுவனத்தின் செயலிக் கார்டையும் சோதனைக்காக வாங்கினோம். கார்டு ஸ்லாட்டில் சிக்கலின்றி அமர்ந்தது. நீல விளக்கு சிறிது நேரம் சிமிட்டி அணைந்தது. இயங்குதளம் ஏறியது, பேஸ் இன்டர்ஃபேஸ் (மேலாண்மைக்கான பேக்பிளேன் இணைப்பு) வழியாகக் கார்டுக்குள் நுழையவும் முடிகிறது. ஆனால் முதன்மைத் தரவு ஓடும் ஃபேப்ரிக் இன்டர்ஃபேஸில் இரண்டு ஹப்களுடனும் இணைப்பு எழவே இல்லை. கார்டு நிறுவனம் தங்கள் கார்டு தரநிலைக்கு முற்றிலும் உட்பட்டது என்கிறது. ஷெல்ஃப் நிறுவனமும் அதையே சொல்கிறது. இரண்டு தரப்பும் உண்மையே சொல்வதாக வைத்துக்கொண்டாலும், எங்கள் மேசையில் இருக்கும் கருவி வேலை செய்யவில்லை.

எனவே மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்தச் சிக்கலின் வேர் எங்கே இருக்கக்கூடும்? ஒரு வன்பொருள் தரநிலை "திறந்தது" என்னும்போது அது எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தருவதில்லை? இன்றைய நிலையில் ஏடிசிஏவில் முதலீடு செய்வது சரியா, அல்லது அதன் சிறிய வடிவமான மைக்ரோடிசிஏ, சாதாரண சர்வர்கள், வடிவமைப்புகள் பொதுவில் வெளியிடப்படும் ஓபன் கம்ப்யூட் வகை ரேக்குகள் ஆகியவற்றின் பக்கம் திரும்புவது நல்லதா? கொள்முதல் ஒப்பந்தம் எழுதும் நேரம் நெருங்கிவிட்டதால் அனுபவம் உள்ளவர்களின் கருத்து மிகவும் உதவும்.

பதில் 1 (ஷெல்ஃப் ஒருங்கிணைப்பில் பணிபுரிபவர்)

முதலில் உங்கள் மேசையில் இருக்கும் சிக்கலைப் பார்ப்போம். தரநிலையின் இயல்பு அதிலேயே விளங்கிவிடும்.

கார்டைச் செருகி, கைப்பிடியை மூடியதும் அதிலுள்ள மேலாண்மைக் கட்டுப்படுத்தி எம்1 என்ற செயலற்ற நிலையிலிருந்து எம்2 நிலைக்குச் செல்கிறது. நீல விளக்கு நீளமாகச் சிமிட்டுவது அப்போதுதான். ஷெல்ஃப் மேலாளர் (பெட்டி முழுவதையும் கண்காணிக்கும் கட்டுப்படுத்தி) அனுமதி தந்தபின் எம்3. அந்தக் கட்டத்தில் கார்டு தனக்கு எத்தனை வாட் வேண்டும் என்று சொல்ல, மேலாளர் தன்னிடம் மீதமுள்ள மின் ஒதுக்கீட்டைப் பார்த்து அனுமதிக்கிறது. அதுவரை கார்டு 10 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. பிறகு எம்4, அதாவது முழு இயக்கம். உங்கள் விளக்கு அணைந்து இயங்குதளமும் ஏறியிருப்பதால் மின்சாரத்திலோ, கார்டும் ஷெல்ஃப் மேலாளரும் பேசும் ஐபிஎம்பி பஸ்ஸிலோ குறையில்லை என்று துணிந்து சொல்லலாம். குறை ஈ-கீயிங் என்ற அடுத்த படியில்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கார்டின் எஃப்ஆர்யூ நினைவகத்திலும் (கார்டின் விவரங்களை வைத்திருக்கும் சிறு நினைவகம்) அந்தக் கார்டு எந்தச் சேனலில், எத்தனை லேன்களில் (சேனலுக்குள் இருக்கும் தனித் தடங்கள்), எந்த வகைச் சமிக்ஞையைப் பேசும் என்ற பட்டியல் எழுதப்பட்டிருக்கும். ஷெல்ஃபின் எஃப்ஆர்யூவில் எந்த ஸ்லாட்டின் எந்தச் சேனல் எந்த ஸ்லாட்டுக்குச் செல்கிறது என்ற வரைபடம் இருக்கும். ஷெல்ஃப் மேலாளர் இவற்றை ஒப்பிட்டு, இரு முனைகளின் பட்டியலிலும் ஒரே வகை இருந்தால் மட்டுமே இரண்டு பக்கத்துக்கும் போர்ட்டைத் திறக்கும் கட்டளையை அனுப்பும். பொதுவான வகை ஒன்றுகூட இல்லையென்றால் போர்ட்டுகள் மூடியே கிடக்கும். இதைப் பிழை என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள், ஏனெனில் தரநிலையின் கண்ணில் இது பிழையே அல்ல. பொருந்தாத இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் எதிரெதிரே உயிர்பெற்றுவிடாமல் காக்கும் பாதுகாப்பு அது.

ஏடிசிஏவை வரையறுக்கும் பிக்மிக் அமைப்பின் 3.1 ஆவணம் ஃபேப்ரிக்கில் ஈதர்நெட்டை எப்படி ஓட்டுவது என்று சொல்கிறது. ஆனால் ஒரே ஒரு முறையைச் சொல்லவில்லை. ஒரு லேனில் 1 கிகாபிட் ஓடும் 1000பேஸ்-பிஎக்ஸ் ஒரு தேர்வு, நான்கு லேன்களையும் சேர்த்து 10 கிகாபிட் ஓடும் 10ஜிபேஸ்-பிஎக்ஸ்4 இன்னொரு தேர்வு, பின்னர் வந்த திருத்தத்தில் 40 கிகாபிட்டும் சேர்ந்தது. ஒரு கார்டு முதல் தேர்வை மட்டும் ஆதரித்து, ஒரு ஹப் இரண்டாம் தேர்வை மட்டும் ஆதரித்தால், இரண்டும் தரநிலைக்கு உட்பட்டவையே. இரண்டு நிறுவனங்களும் உண்மை பேசுகின்றன என்ற உங்கள் ஊகம் சரியாகவே இருக்கலாம்.

ஐபிஎம்ஐடூல் என்ற வன்பொருள் மேலாண்மை நிரலில் பிக்மிக் துணைக்கட்டளைகள் உள்ளன. ஹப், கார்டு இரண்டின் போர்ட் நிலையையும் அவற்றால் கேட்டுப் பாருங்கள். அதே நிரலிலுள்ள ஈகே-அனலைசர் என்ற பகுதிக்கு இரண்டு கார்டுகளின் எஃப்ஆர்யூ கோப்புகளையும் கொடுத்தால், எந்த இணைப்பு பொருந்தும், எது பொருந்தாது என்று அதுவே சொல்லிவிடும். விடையை இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஏடிசிஏவின் அடிப்படை ஆவணமான பிக்மிக் 3.0 ஏற்கப்பட்டது 2002 டிசம்பரில். அது எவற்றைக் கறாராக நிர்ணயிக்கிறது என்று பார்த்தால் தொலைத்தொடர்புக்காரர்கள் எழுதிய ஆவணம் என்பது விளங்கும். 8யூ உயரம், 280 மில்லிமீட்டர் ஆழம், 30.48 மில்லிமீட்டர் இடைவெளி என்று கார்டின் அளவு ஒன்றே. மின்சாரம் மைனஸ் 48 வோல்ட், ஏ, பி என இரண்டு தனித்தனி ஊட்டுகள், அவற்றில் மின்னழுத்தம் 5 மில்லிசெகண்டு சுழியத்துக்கு விழுந்தாலும் கார்டு விழக் கூடாது. கார்டின் பின்விளிம்பிலுள்ள மூன்று கனெக்டர் பகுதிகளில் முதலாவதான ஸோன் 1 கனெக்டரில் தொலைபேசியின் மணியடிக்கும் மின்னழுத்தத்துக்கும் கம்பிச் சோதனைக்கும்கூடப் பின்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஸோன் 2 கனெக்டர்களில் 200 வேறுபாட்டு இணைகள் (ஒரு சமிக்ஞையைச் சுமக்கும் இரட்டைக் கம்பிகள்): ஃபேப்ரிக்கின் 15 சேனல்களுக்கு எட்டெட்டாக 120, பேஸின் 16 சேனல்களுக்கு நந்நான்காக 64, பக்கத்து ஸ்லாட்டுடன் பேசும் அப்டேட் சேனலுக்கு 10, கடிகாரங்களுக்கு 6. கூட்டிப் பாருங்கள், ஓர் இணைகூட வீணாகவில்லை. இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கிட்டு அமைத்த வேறொரு பேக்பிளேனை நான் பார்த்ததில்லை.

இவற்றிலெல்லாம் தரநிலை உங்களுக்கு உறுதி தருகிறது. ஃபேப்ரிக்கில் தேர்வுகளை மட்டும் தருகிறது. ஸோன் 3 பகுதியில், அதாவது முன்கார்டுக்கும் பின்னாலுள்ள ஆர்டிஎம் கார்டுக்கும் இடைப்பட்ட கனெக்டரில், எதையும் தருவதில்லை. அதை ஒவ்வொரு நிறுவனமும் விருப்பப்படி வடிவமைத்துக்கொள்ளலாம். உங்கள் மீடியா கேட்வேக்கு இ1 இணைப்புகள் (சுற்று இணைப்பு வலையமைப்பின் டிஜிட்டல் கம்பிகள்) பின்பக்கம் வழியாக வருமானால், ஆர்டிஎம்மும் முன்கார்டும் பிரிக்க முடியாத ஜோடி என்றே கருதுங்கள். ஒன்றின் உற்பத்தி நின்றால் மற்றதும் பயனற்றுப்போகும். பழைய பெட்டியில் நீங்கள் மாட்டிக்கொண்ட அதே பொறி இங்கே சிறிய அளவில் இருக்கிறது.

பதில் 2 (வலையமைப்புப் பராமரிப்பில் பணிபுரிபவர்)

மேலே உள்ளவர் ஆய்வுக்கூடத்தின் பக்கத்திலிருந்து எழுதினார். நான் கருவி நிறுவப்பட்ட பிறகான வாழ்க்கையைப் பார்ப்பவன் என்பதால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஏடிசிஏ வந்த காலத்தில் நம்பகத்தன்மை என்பது வன்பொருளின் பொறுப்பு. 99.999 சதவீதம் இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஐந்தே கால் நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே நிற்கலாம். அதனால்தான் எல்லாம் இரண்டிரண்டு: ஹப் இரண்டு, ஷெல்ஃப் மேலாளர் இரண்டு, மேலாண்மை பஸ் இரண்டு, மின் ஊட்டு இரண்டு. 2012 அக்டோபரில் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட என்எஃப்வி (வலையமைப்புப் பணிகளை மென்பொருளாக்குதல்) வெள்ளை அறிக்கை இந்தப் பொறுப்பை மென்பொருளுக்கு மாற்றியது. சர்வர் விழட்டும், அதன் வேலையை இன்னொரு சர்வர் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் போக்கு. ஈடிஎஸ்ஐ என்ற ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பில் அதற்கென்று ஒரு குழுவும் அமைந்தது. அதன்பின் மைய வலையமைப்பின் பணிகள் பெரும்பாலும் சாதாரண சர்வர்களுக்கு இடம்பெயர்ந்தன. புதிதாக ஏடிசிஏவைத் தேர்ந்தெடுக்கும் மைய வலையமைப்புத் திட்டம் எதையும் அதற்குப்பின் என் பணியில் நான் எதிர்கொள்ளவில்லை.

ஆயினும் சர்வர்தான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று சொல்ல மாட்டேன். சர்வரிடம் இல்லாத ஒன்று கடிகாரம். ஏடிசிஏ பேக்பிளேனில் 8 கிலோஹெர்ட்ஸ், 19.44 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அலைகள் இரட்டைக் கம்பிகளில் எல்லா ஸ்லாட்டுகளுக்கும் ஓடுகின்றன. 19.44 என்பது ஒத்திசைவுப் பரிமாற்ற முறையான எஸ்டிஹெச்சின் 155.52 மெகாபிட் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. சுற்று இணைப்பு வலையமைப்புடன் பேசும் கார்டுக்கு இந்த அலை இல்லாவிட்டால் சிறிது சிறிதாக ஃபிரேம்கள் நழுவும். குரலில் "டிக்" என்ற ஒலி கேட்கும். ஃபேக்ஸ் பாதியில் அறுந்துபோகும். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் குரல் கேட்வேயைச் சர்வர்களுக்கு மாற்றிய பிறகு சில வாரங்கள் வரை புகார் எதுவும் வரவில்லை. முதலில் வந்தது ஒரே ஒரு ஃபேக்ஸ் புகார்தான். இ1 கார்டு வெளிக்கடிகாரத்தைப் பிடிக்காமல் தன்னுடைய சொந்த அலையாக்கியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. பழைய பெட்டியில் இதைப் பேக்பிளேன் பார்த்துக்கொண்டதால், அது ஒரு தேவை என்பதே எங்கள் தேவைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இன்று அந்த வேலையைச் சிங்க்-ஈ, பிடிபி ஆகிய கடிகார ஒத்திசைவு முறைகள் ஈதர்நெட் வழியாகவே செய்கின்றன. ஆனால் அதற்கு நெட்வொர்க் கார்டில் வன்பொருள் நேரமுத்திரை வேண்டும், நடுவிலுள்ள ஸ்விட்சுகள் ஒவ்வொன்றும் பிடிபியைப் புரிந்துகொள்ள வேண்டும். ரேடியோ பக்கம் போனால் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி முறைக்கு ஒன்றரை மைக்ரோசெகண்டு துல்லியம் தேவைப்படுவதால் இது மேலும் கறாராகிறது.

எனவே உங்கள் கருவியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. சிக்னலிங், கோடெக் (குரல் குறியாக்க) மாற்றம், கணக்கெழுதுதல் போன்ற கணக்கீட்டு வேலைகளுக்குத் தனிப் பேக்பிளேன் தேவையில்லை, சர்வர் போதும். கம்பியும் கடிகாரமும் வந்து சேரும் இடத்துக்குத்தான் கூறுநிலை வன்பொருள் இன்னும் பொருத்தமாக இருக்கிறது, அந்த இடம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

பதில் 3 (மைக்ரோடிசிஏ கருவிகள் வடிவமைப்பவர்)

இரண்டாவது பதிலின் கடைசிப் பத்தியிலிருந்து தொடர்கிறேன். அந்தச் சிறிய இடத்துக்கு 14 ஸ்லாட் ஷெல்ஃப் மிகப் பெரிது.

ஏடிசிஏ கார்டின் மேல் செருகுவதற்கென்று ஏஎம்சி என்ற சிறிய கார்டை 2005-இல் பிக்மிக் வரையறுத்தது. நடுவிலுள்ள தாங்கு கார்டை நீக்கிவிட்டு ஏஎம்சிகளை நேரே பேக்பிளேனில் செருகினால் என்ன என்ற கேள்விக்கு விடையாக 2006-இல் மைக்ரோடிசிஏ வந்தது. ஒரு எம்சிஹெச் கார்டு 12 ஏஎம்சிகள் வரை மேலாளும். ஸ்விட்ச், கடிகார விநியோகம், மேலாண்மை மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். கார்டுகளுக்கு 12 வோல்ட்டைத் தனி மின் கார்டு பகிர்ந்தளிக்கும். ஈ-கீயிங் இங்கேயும் உண்டு, ஆகவே மேலே விவாதித்த சிக்கல் அப்படியே இங்கும் எழலாம்.

கிடைப்பதைப் பற்றி ஒரு செய்தி. தொலைத்தொடர்பு உலகம் ஏடிசிஏவைவிட்டு நகர்ந்த அதே ஆண்டுகளில் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடங்கள் இந்தத் தரநிலைகளைத் தங்களுடையனவாக்கிக்கொண்டன. பின்பக்கக் கார்டுகளையும் துல்லியமான கடிகாரங்களையும் சேர்த்து 2011-இல் வந்த எம்டிசிஏ.4 அவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஹாம்பர்க் பகுதியில் இயங்கும் ஐரோப்பிய எக்ஸ்ரே லேசரான யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல்லின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சிஎம்எஸ் சோதனை அடுத்த மேம்பாட்டுக்கு ஏடிசிஏவைத் தேர்ந்திருக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் ஒரு முறை நிறுவியதைப் பல்லாண்டுகள் ஓட்டுகின்றன என்பதால், ஷெல்ஃபுகளும் மேலாண்மைக் கட்டுப்படுத்திகளும் திடீரென்று கிடைக்காமல் போகும் என்ற அச்சம் தேவையில்லை. ஆனால் அவர்களுக்காக உருவாகும் கார்டுகள் அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளும், தேவைக்கேற்ப உள்ளமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்களும்தான். இ1 கார்டை அந்தச் சந்தையில் தேடினால் கிடைக்காது. அதை நீங்களே வடிவமைக்க வேண்டியிருக்கும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அது எட்டாத வேலையன்று, ஆனால் மேலாண்மைக் கட்டுப்படுத்தியின் ஃபர்ம்வேரைப் புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். ஹாட் ஸ்வாப் (இயங்கும்போதே கார்டை மாற்றும்) நிலைகளை எழுதிச் சரிபார்ப்பதற்குள் கார்டை வடிவமைத்த காலத்தைவிட அதிகம் செலவாகும். ஏற்கெனவே பல ஷெல்ஃபுகளில் ஓடிய ஃபர்ம்வேரை உரிமம் பெற்றோ திறமூலத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் கவனிக்காத இன்னொன்று காற்று. காலி ஸ்லாட்டுகளில் மூடிப் பலகை போடாமல் கார்டைச் சோதிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விசிறி தரும் காற்று எதிர்ப்பு குறைந்த வழியில்தான் போகும். கார்டுகளுக்கு இடையே புகாமல் காலி ஸ்லாட் வழியாக வெளியேறிவிடும். விசிறிகள் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்க, செயலியின் வெப்பநிலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மூடிப் பலகை என்பது அழகுக்காக அல்ல, உள்ளே காற்றுக்குத் தடை தரும் தகடு அல்லது நுரை அதில் இருக்கும். வெறும் முன்தகட்டை மட்டும் மாட்டினாலும் பயனில்லை. முதல் நாளிலேயே எல்லா ஸ்லாட்டுகளையும் நிரப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

பதில் 4 (ஓபன் கம்ப்யூட் வகை ரேக்குகளை நிறுவுபவர்)

"திறந்தது" என்ற சொல்லைப் பற்றி மேலே உள்ளவர்களுடன் எனக்குச் சிறிது கருத்து வேறுபாடு உண்டு.

பிக்மிக்கின் முழு ஆவணங்களை விலை கொடுத்து வாங்க வேண்டும், எழுதும் குழுவில் இடம்பெற உறுப்பினராக வேண்டும். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை என்ற பொருளில் அது திறந்த தரநிலைதான். 2011 ஏப்ரலில் தொடங்கிய ஓபன் கம்ப்யூட் திட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது. விவரக்குறிப்பை யாரும் இறக்கிப் படிக்கலாம், பல கருவிகளின் வரைபடக் கோப்புகளும் சேர்ந்தே வெளியிடப்பட்டிருக்கின்றன. ஒரு நிறுவனம் கைவிட்டால் இன்னொன்று அதே வரைபடத்தை வைத்துத் தயாரிக்கலாம். உங்கள் பழைய கேட்வேக்கு நேர்ந்தது இங்கே நேர்வதற்கு வாய்ப்பு குறைவு.

ஸ்விட்சுகளில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஓனி என்ற சிறிய நிறுவு நிரல் வெற்று ஸ்விட்சில் இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் அது வலையமைப்பில் இயங்குதளத்தைத் தேடி எடுத்து நிறுவிக்கொள்ளும். வன்பொருளை ஒருவரிடமும் மென்பொருளை மற்றொருவரிடமும் வாங்குவது அதனால்தான் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் ஏடி அண்ட் டி பெரிய ரவுட்டர் ஒன்றின் லைன் கார்டுகளையும் ஃபேப்ரிக்கையும் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து, நடுவே கேபிளால் இணைக்கும் வடிவமைப்பை ஓபன் கம்ப்யூட் திட்டத்துக்குக் கொடுத்தது. பேக்பிளேன் இருந்த இடத்தில் சந்தையில் கிடைக்கும் கேபிள் வந்துவிட்டதால், ஸ்லாட் எண்ணிக்கை என்ற எல்லையே மறைந்துவிட்டது.

தொலைத்தொடர்பு அறைகளில் இவற்றை வைப்பதில் இருக்கும் உண்மையான இடர் ஆழம். தரவு மையச் சர்வர்கள் சுமார் 700 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளும், பல இணைப்பக அலமாரிகளின் மொத்த ஆழமே 600 தான். அதற்காகவே சுமார் 430 மில்லிமீட்டர் ஆழத்தில், எல்லாக் கேபிள்களையும் முன்பக்கமே செருகும்படி ஓபன் எட்ஜ் என்ற சிறிய பெட்டி அங்கே வரையறுக்கப்பட்டது. கொள்முதலுக்கு முன் உங்கள் அலமாரியின் உள் ஆழத்தை, கேபிள் வளைவுக்கு வேண்டிய இடத்தையும் கழித்து, நேரில் அளந்துகொள்ளுங்கள்.

மற்றபடி முதல் பதிலில் சொன்ன "தேர்வுகள்" சிக்கல் ஏடிசிஏவுக்கு மட்டும் உரியதன்று. 2018-இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் தொடங்கிய ஓ-ரான் கூட்டணி, ரேடியோ யூனிட்டுக்கும் பேஸ்பேண்டுக்கும் இடையே திறந்த இடைமுகத்தை வரையறுத்திருக்கிறது. அங்கும் ஐக்யூ என்ற ரேடியோ மாதிரித் தரவைச் சுருக்கும் முறை, நேரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற அமைப்பு எனப் பல தேர்வுகள் உள்ளன. இரு தரப்பும் ஒரே தொகுப்பைத் தேர்ந்திருந்தால்தான் ரேடியோ எழும். அதனால்தான் எந்தெந்தத் தேர்வுகளைச் சேர்த்துச் சோதிப்பது என்று தனியாக சுயவிவரத் தொகுப்புகளை அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் "தரநிலைக்கு உட்பட வேண்டும்" என்ற ஒரு வரி எதையும் காப்பாற்றாது. எந்த ஆவணம், அதன் எந்தத் திருத்தம், அதற்குள் எந்தத் தேர்வு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பதில் எழுதிய நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிலில் சொன்னபடி இன்று எஃப்ஆர்யூ கோப்புகள் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டோம். கார்டின் பட்டியலில் ஃபேப்ரிக் சேனல் 1, 2 இரண்டுக்கும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது: லேன் 0 மட்டும், 1000பேஸ்-பிஎக்ஸ். ஹப்பின் பட்டியலில் நான்கு லேன் 10 கிகாபிட் மட்டுமே. போர்ட் நிலை இரு பக்கமும் "மூடியது". கார்டின் ஈதர்நெட் சிப் 10 கிகாபிட்டை ஆதரிக்கும் என்று அதன் தரவுத்தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. கார்டு நிறுவனத்திடம் கேட்டபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவருக்காக 1 கிகாபிட்டாக அமைத்த எஃப்ஆர்யூ கோப்பே இந்தக் கார்டிலும் ஏற்றப்பட்டுவிட்டது என்றும், இரண்டு பதிவுகளும் கொண்ட கோப்பை அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது எங்களை உலுக்கிவிட்டது. எங்கள் தேவைப் பட்டியலிலும் அது ஓரிடத்திலும் இல்லை. இன்று சேர்த்துவிட்டோம். இ1 இணைப்புகளும் கடிகாரமும் வரும் பகுதியைச் சிறிய மைக்ரோடிசிஏ பெட்டிக்கும், மற்றவற்றைச் சர்வர்களுக்கும் பிரிப்பது பற்றி அடுத்த வாரம் விவாதிக்க இருக்கிறோம். அதற்குமுன் கையிலிருக்கும் ஏடிசிஏ ஷெல்ஃபில் சோதனையை முடித்துவிட விரும்புகிறோம். புதிய கோப்பை ஏற்றியபின் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1 (ஷெல்ஃப் ஒருங்கிணைப்பில் பணிபுரிபவர்)

மகிழ்ச்சி. கோப்பை ஏற்றியதும் கைப்பிடியைத் திறந்து, நீல விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்து, கார்டை வெளியே எடுத்து மீண்டும் செருகுங்கள். ஷெல்ஃப் மேலாளர் புதிய பட்டியலை அப்போதுதான் ஐயமின்றிப் படிக்கும். விளக்கு வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே இழுத்துவிடாதீர்கள், இயங்குதளம் அப்போதுதான் தன்னை நிறுத்திக்கொண்டிருக்கும்.

பட்டியல் பொருந்திப் போர்ட் "திறந்தது" என்று காட்டினாலும் இணைப்பு எழாமல் இருக்கலாம். அப்படியானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். திறக்கும் கட்டளை மேலாண்மைக் கட்டுப்படுத்திக்கு வந்து சேர்ந்தபின், அது ஈதர்நெட் சிப்பை உண்மையிலேயே 10 கிகாபிட்டுக்கு மாற்றுகிறதா என்பது முதலாவது. சில கார்டுகளில் கட்டளை பதிவாகுமே தவிர, சிப்புக்குப் போய்ச் சேராது. இரண்டாவது, 10 கிகாபிட்டுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. பிஎக்ஸ்4 முறையில் இரு முனைகளும் பேசிப் பார்க்காமல் நேரே ஓடத் தொடங்கும். பின்னர் ஐட்ரிபிள்இ தரப்படுத்திய கேஎக்ஸ்4 முறையில் முதலில் தானியங்கிப் பேச்சு நடக்கும். ஒரு முனை பேச்சுக்குக் காத்திருக்க, மறுமுனை பேசாமலே அனுப்பிக்கொண்டிருந்தால் இணைப்பு நிலைக்காது. ஹப்பில் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் தானியங்கிப் பேச்சை அணைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இணைப்பு எழுந்தபின் ஒரே ஸ்லாட்டில் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஹப்கள் தருக்க ஸ்லாட் 1, 2 என்று ஆவணத்தில் எழுதியிருந்தாலும், பல 14 ஸ்லாட் ஷெல்ஃபுகளில் அவை நடுவில், அதாவது பெட்டியின் 7, 8 ஆம் இடங்களில் இருக்கும். எனவே கம்பித்தடம் நீளமாக இருப்பது இரண்டு ஓரங்களிலும்தான். கார்டை முதல் இடத்திலும் பதினான்காம் இடத்திலும் மாற்றி மாற்றிச் செருகி, எல்லா ஸ்லாட்டுகளும் மூடப்பட்ட நிலையில், கார்டு நன்றாகச் சூடேறிய பிறகு ஓரிரவு முழுவதும் முழு வேகத்தில் தரவை ஓட்டுங்கள். காலையில் இரு ஹப்களிலும் சிஆர்சி (தரவுச் சரிபார்ப்பு) பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணையும், எந்தத் திருத்தம் எந்தத் தேர்வில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து ஒப்பந்தத்தின் ஏற்புச் சோதனைப் பகுதியில் அப்படியே எழுதிவிடுங்கள்.